சில்லறை

தண்ணீர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
சில்லறை என்று வந்தது.
லில்லிபாய் தண்ணீரையே கொண்டுவந்தாள்.
ஒன்றரை வருடத்தில் அவளுக்கு
என் அகராதி மனப்பாடம்.
உப்பும் சில்லறை, சால்வையும் சில்லறை,
டிவி சத்தத்தைக் குறை என்பதும் சில்லறை.
கோபம் வந்தால் மட்டும்
கெட்ட வார்த்தை பிசகாமல் வருகிறது,
முழுசாக, சுத்தமாக,
பாஸ்டர் ஜெபிக்க வந்திருந்தபோதுகூட.

இடது மூளையில்
ஒரு பிளம்ஸ் பழ அளவுக்கு இருட்டு
என்றார் கோயமுத்தூர் டாக்டர்,
படத்தை வெளிச்சத்தில் பிடித்து.
அன்றிலிருந்து வலது கை என்னுடையதில்லை.
யாரோ பஸ்ஸில் விட்டுப்போன பை போல
மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்,
உரியவர் கேட்டு வரட்டும் என்று.

உறைபனி விழும் இரவுகளில் அது இறுக மூடிக்கொள்ளும்.
விடிந்ததும் வெந்நீர்.
சூடு சரியா என்று அவள்தான் பார்க்க வேண்டும்,
இந்தக் கை பொய் சொல்லும்.
சுண்டுவிரலில் ஆரம்பித்து
ஒவ்வொன்றாகப் பிரித்து விரிக்கிறாள்.
பாருங்க, உள்ளே ஒன்றுமில்லை என்கிறாள்.

ஏழு அறை டப்பாவில் மாத்திரை:
பிரஷருக்கு ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று,
ராத்திரிக்குக் கொழுப்புக்கு.
ஐந்து ரூபாய் டிக்கெட், ஏழு ரூபாய் டிக்கெட்
அடுக்கிவைத்த கைதானே,
டப்பாவை இடது கையால் நானே நிரப்புகிறேன்.
ஒரு மணி நேரம் ஆகும்.
ஆகட்டும்.
ஊறுகாய் ஜாடியை அவள் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.
பரணைப் பார்த்தபடியே சாப்பிடுகிறேன்.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே.
முப்பத்தெட்டுப் படி.
ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது கெட்ட கால் முதலில்
என்று சொல்லிக்கொடுத்தாள் பிசியோ ரக்‌ஷிதா.
சீசனுக்கு வருகிறவர்களுக்கு இது மலை.
எனக்கு, கைப்பிடி இல்லாத பக்கம்.
ஜூன் மழைக்கு முன் பத்தொன்பதாவது படி.
மழை வந்தது, பாசி பிடித்தது,
மறுபடி ஏழு.

போன மாசிக் காலையில்
மேலே ரோட்டில் வண்டி கியர் மாறும் சத்தம் கேட்டது.
செகண்டு, பிறகு ஒரு முனகல்.
என் வாய் தானாகத் திறந்துகொண்டது:
குன்னூர், வெலிங்டன், அருவங்காடு,
எல்லநள்ளி, லவ்டேல், ஊட்டி.
ஒரு எழுத்துகூடச் சிந்தவில்லை.
அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது.

வரிசையாக வருவது வரும் சார்,
தனியாகக் கூப்பிட்டால் வராது, என்றாள் ரக்‌ஷிதா.
சரிதான்.
லவ்டேல் மட்டும் சொல்லு என்றால்
கல்லாய் உட்கார்ந்திருப்பேன்.
குன்னூரில் ஏறினால்தான் லவ்டேல் போக முடியும்.

அதை வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்கிறேன்.
யாருக்கும் சொன்னதில்லை,
சொல்லவும் முடியாது.

தொண்ணூற்று நாலில்
கார்டைட் பாக்டரி கேண்டீன் ஷிப்ட் முடிந்து
அருவங்காட்டில் ஏறிய ஒருத்தி
தினமும் ஐம்பது ரூபாய் நோட்டையே நீட்டினாள்.
சில்லறை இல்லையா என்றேன்.
நாங்கள் பேசிய முதல் பேச்சு அது.
அடுத்த நாளும் ஐம்பது ரூபாய்.
அதற்கடுத்த நாளும்.
வேண்டுமென்றே என்று
கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

இப்போது ராத்திரி, விளக்கணைத்த பிறகு,
உதட்டுக்குள் வண்டியை எடுக்கிறேன்.
குன்னூர்.
வெலிங்டன்.
அருவங்காடு —
அங்கே நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தால்
சில ராத்திரி அவள் பெயர் ஏறிவிடுகிறது.
லில், என்று பாதி.
முழுப்பெயர் இதுவரை இரண்டு தடவை.

பல ராத்திரி பிரேக் பிடிக்காது.
எல்லநள்ளி தாண்டி, லவ்டேல் தாண்டி,
ஊட்டி ஸ்டாண்டில் காலி வண்டியோடு நிற்பேன்.
நேற்றும் அப்படித்தான்.
ஊட்டி என்று சத்தமாகவே வந்துவிட்டது போல.

இருட்டில் அவள் புரண்டு படுத்தாள்.
என் கெட்ட கையைத் தேடிப் பிடித்து
கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.
அவள் பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை,
கம்பளி நகர்ந்ததில்தான் தெரிந்தது.
கடைசி டிரிப்பா, என்றாள்.

சில்லறை, என்றேன்.